வரையறை சொன்னால் போதுமா?

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஆறாவது படிக்கும் என் பேத்தி கணக்கு நோட்டுடன் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"தாத்தா, ஒன்று ஏன் பிரைம் நம்பர் இல்லை?"

நான் காப்பி டம்ளரைக் கீழே வைக்காமலேயே பதில் சொன்னேன். "பிரைம் நம்பர்னா அதை மீதியில்லாம வகுக்கிற எண் இரண்டே இரண்டுதான் இருக்கணும். ஒன்றும், அந்த எண்ணும். ஒன்றை வகுக்க ஒன்று மட்டும்தானே இருக்கு? அதனால அது பிரைம் இல்லை. டெஃபினிஷனே அப்படித்தான்."

"அது புஸ்தகத்திலேயே போட்டிருக்கு தாத்தா. ஆனா அப்படீன்னு யார் முடிவு பண்ணினது? அதை ப்ரூவ் பண்ண முடியுமா?"

"டெஃபினிஷனுக்கு ஏதும்மா ப்ரூஃப்? அது எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்."

"எனக்குத் தெரியலையே!"

1973-ல் தில்லிக்கு வந்து, முப்பத்தைந்து வருஷம் மத்திய அரசின் கணக்கு இலாகாவில் பேரேடு புரட்டியவன் நான். எத்தனையோ அதிகாரிகளின் ஆட்சேபணைக் குறிப்புகளுக்குப் பதில் எழுதியிருக்கிறேன். ஆனால் பதினோரு வயதுப் பெண்ணின் இந்த இரண்டு சொல்லுக்கு என்னிடம் பதில் இல்லை. "எல்லாருக்கும் தெரிஞ்ச விஷயம்" என்று நான் சொன்னது பதில் அல்ல, தப்பித்தல். அன்று முழுவதும் அது என்னை விடவில்லை. இந்தக் கட்டுரை அதன் விளைவுதான்.

மூன்று விஷயங்களை நாம் ஒன்றாகக் குழப்பிக்கொள்கிறோம். ஒரு வாக்கியம் வரையறையினாலேயே உண்மையாக இருப்பது ஒன்று. அது சொன்ன மாத்திரத்தில் வெள்ளிடைமலையாக விளங்குவது இன்னொன்று. அதை நிரூபிக்க முடிவது மூன்றாவது. முதலாவது இருந்தால் மற்ற இரண்டும் தாமாகவே வந்துவிடும் என்று நினைக்கிறோம். கைப்புண்ணுக்குக் கண்ணாடி வேண்டுமா என்று கேட்டுவிட்டு நகர்ந்துவிடுகிறோம். அப்படி இல்லை என்பது என் கருத்து. இந்தக் குழப்பம் கணக்குப் புத்தகத்தோடு நின்றால் பரவாயில்லை. நம் வீட்டுக்குள்ளும், நம் சங்க மேடைகளிலும் இது வேலை செய்கிறது என்பதுதான் என் கவலை.

எளிய உதாரணத்திலிருந்து தொடங்குகிறேன். "சித்தப்பா என்பவர் அப்பாவின் தம்பி." இதைவிடத் தெளிவான வாக்கியம் உண்டா? அந்தச் சொல்லுக்குப் பொருளே அதுதானே, யாராவது சாட்சி கேட்பார்களா?

ஆனால் என் பேத்தியிடம் இதைச் சொன்னபோது அவள் விழித்தாள். அவள் அம்மாவின் தங்கை வீட்டுக்காரரை நாங்கள் அவளுக்குச் "சித்தப்பா" என்றுதான் சொல்லிக்கொடுத்திருக்கிறோம். அவர் அவளுடைய அப்பாவுக்குத் தம்பி அல்லவே! பக்கத்து வீட்டு ஹிந்திக்காரப் பிள்ளைகள் அப்பாவின் தம்பியைச் "சாச்சா" என்கிறார்கள், அம்மாவின் தங்கை கணவரை "மௌசா" என்கிறார்கள். இரண்டு உறவு, இரண்டு சொல். நமக்கோ இருவரும் சித்தப்பாதான். தில்லியில் வளரும் குழந்தைக்கு இது எப்படித் தானே விளங்கும்?

இதில் எனக்கு இரண்டு பாடங்கள் கிடைத்தன. முதலாவது, தானே விளங்குவது என்பது வாக்கியத்தின் குணம் அல்ல. அந்தச் சொல்லோடு பிறந்து வளர்ந்தவருக்கு விளங்குகிறது, மற்றவருக்கு விளங்குவதில்லை. நமக்குத் தெளிவாக இருக்கிறது என்பதாலேயே அது தெளிவானது என்று சொல்ல முடியாது. இரண்டாவது இன்னும் முக்கியம். நான் சொன்ன வரையறையே குறைபட்டது. சித்தியின் கணவரை அது விட்டுவிட்டது. வெள்ளிடைமலை என்று நான் நினைத்த வாக்கியத்தில் பாதி மலையைக் காணோம்.

வரையறையிலும் குற்றம் இருக்க முடியும் என்பதை நம் முன்னோர் நன்றாக அறிந்திருந்தார்கள். அதை அவர்கள் இலக்கணம், லட்சணம் என்றார்கள். 17-ஆம் நூற்றாண்டில் அன்னம்பட்டர் எழுதிய தர்க்க சங்கிரகத்தைப் பாடம் கேட்டவர்களுக்கு மூன்று குற்றங்கள் நினைவிருக்கும். பசு என்றால் என்ன என்ற கேள்விக்கு, பழுப்பு நிறமாக இருப்பது என்றால் வெள்ளைப் பசு விட்டுப்போகும். அது அவ்வியாப்தி. கொம்புள்ளது என்றால் எருமையும் உள்ளே வந்துவிடும். அது அதிவ்யாப்தி. பிளவில்லாத ஒற்றைக் குளம்பு உடையது என்றால் எந்தப் பசுவுக்கும் பொருந்தாது. அது அசம்பவம். கழுத்தின் கீழே தொங்குகிற அலைதாடி உடையது என்பதே சரியான லட்சணம் என்று முடிப்பார்கள். நன்னூலில் பவணந்தி முனிவரும் நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களைச் சொல்லும்போது குன்றக் கூறல், மிகைபடக் கூறல் என்று இரண்டை முதலில் வைத்தார். அடுத்து வருவது கூறியது கூறல்.

ஆக, வரையறையை நிரூபிக்க முடியாது என்பது உண்மைதான். ஆனால் அதைச் சோதிக்கலாம். மாடுகள் நிற்கிற தொழுவத்துக்குப் போய்ப் பார்த்துத்தான் சோதிக்க வேண்டும். பார்க்காமலே "வரையறை அப்படி" என்று சொல்லி வாயை மூட முடியாது.

சரி, மாடும் மாமனும் உலகத்து விஷயங்கள், கணக்கில் இந்தச் சிக்கல் வராதே என்று சிலர் சொல்லலாம். "இரண்டும் இரண்டும் நாலு" என்பதைவிட வெளிப்படையான வாக்கியம் எது? அதற்கும் நிரூபணம் தேட வேண்டுமா?

தேடியிருக்கிறார்கள். ஜெர்மானிய அறிஞர் லைப்னிட்ஸ், வரையறைகளை மட்டும் கொண்டே இதை நிரூபித்துக் காட்டினார். இரண்டு என்பது ஒன்றும் ஒன்றும். மூன்று என்பது இரண்டும் ஒன்றும். நான்கு என்பது மூன்றும் ஒன்றும். இவை மூன்றும் வரையறைகள். இப்போது 2 + 2 என்பதில் இரண்டாவது இரண்டை எடுத்துவிட்டு அதன் இடத்தில் 1 + 1 போடுங்கள். 2 + 1 + 1 கிடைக்கும். அதில் 2 + 1 என்பது 3. ஆகவே 3 + 1. அதுதான் 4. முடிந்தது.

அழகான நிரூபணம். ஆனால் 1884-ல் ஃப்ரெகே என்ற இன்னொரு ஜெர்மானியக் கணித அறிஞர் இதில் ஓர் ஓட்டையைக் காட்டினார். நாம் முதலில் எழுத வேண்டியது 2 + (1 + 1). பிறகு நமக்குத் தேவைப்படுவது (2 + 1) + 1. அடைப்புக்குறி ஒரு இடத்திலிருந்து இன்னொரு இடத்துக்கு நகர்ந்துவிட்டது. நகர்த்த அனுமதி கொடுத்தது யார்? மேலே சொன்ன மூன்று வரையறைகளிலும் அந்த அனுமதி இல்லை. எங்கள் இலாகாவில் சொல்வதானால், ஒரு தலைப்பில் ஒதுக்கிய பணத்தை மேலிடத்து ஆணை இல்லாமல் இன்னொரு தலைப்புக்கு மாற்றியது போல. தொகை சரியாகத்தான் வரும். ஆனால் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம்.

அனுமதி உண்டு, ஆனால் அது வேறு ஒரு விதி. கூட்டும்போது எந்த இரண்டை முதலில் சேர்த்தாலும் விடை மாறாது என்ற விதி. ஆகவே வரையறை மட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. வரையறையோடு விதியும் சேர வேண்டும். பிற்பாடு ஒயிட்ஹெட்டும் ரஸ்ஸலும் கணிதம் முழுவதையும் தர்க்கத்தின் மேல் கட்ட முயன்றபோது, 1910-ல் வந்த அவர்களுடைய நூலின் முதல் பாகத்தில், ஒன்றும் ஒன்றும் இரண்டு என்பது இதிலிருந்து பின்னால் கிடைக்கும் என்று சொல்லும் இடத்துக்கு வருவதற்கே 379-ஆம் பக்கம் ஆகிவிட்டது. விரல் விட்டு எண்ணும் குழந்தைக்கு ஒரு நொடி, நிரூபிக்கப் புறப்பட்டவர்களுக்கு முந்நூற்றுச் சொச்சம் பக்கம்! வெளிப்படையாகத் தெரிவது வேறு, நிரூபிக்கப்படுவது வேறு என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

இதன் மறுபக்கமும் உண்டு. வரையறை ஒரே வரிதான், குழந்தைக்கும் புரியும். ஆனால் அதற்குள் இருக்கிற உண்மை இன்றுவரை யாருக்கும் தெரியாது. 6 என்ற எண்ணை எடுத்துக்கொள்ளுங்கள். அதை மீதியில்லாமல் வகுக்கும் சிறிய எண்கள் 1, 2, 3. கூட்டினால் அதே 6. 28-ஐ வகுப்பவை 1, 2, 4, 7, 14. கூட்டினால் அதே 28. இப்படிப்பட்டவற்றை நிறைவு எண்கள் என்கிறார்கள். அடுத்தது 496, அதற்கடுத்தது 8128. எல்லாம் இரட்டைப்படை. ஒற்றைப்படையில் ஒரு நிறைவு எண் உண்டா? யூக்ளிட் தம் நூலில் இந்த எண்களைப் பற்றி எழுதி இரண்டாயிரம் வருஷங்களுக்கு மேல் ஆகிவிட்டன. இன்றுவரை யாரும் அப்படி ஓர் எண்ணைக் கண்டுபிடிக்கவும் இல்லை, அப்படி ஒன்று இருக்கவே முடியாது என்று நிரூபிக்கவும் இல்லை. விடை உண்டு என்றாலும் இல்லை என்றாலும், அதற்கு வானத்தையோ கடலையோ ஆராயப் போக வேண்டியதில்லை. அந்த ஒரு வரி வரையறையும் கணக்கின் விதிகளும்தான் கையில் இருப்பவை. இருந்தும் கண்ணுக்குத் தெரியவில்லை. உள்ளங்கையில் இருப்பது எல்லாம் நெல்லிக்கனி ஆகிவிடாது.

இனி பேத்தியின் கேள்விக்கு வருகிறேன். ஒன்று ஏன் பகா எண் இல்லை? தேடிப் பார்த்ததில் எனக்கே ஆச்சரியமான செய்தி கிடைத்தது. ஒரு காலத்தில் ஒன்றையும் பகா எண்ணாக வைத்துக்கொண்டவர்கள் உண்டு. 1914-ல் அமெரிக்கக் கணித அறிஞர் டி.என். லேமர் ஒரு கோடிக்குச் சற்று மேல் வரைக்கும் உள்ள பகா எண்களின் பட்டியலை வெளியிட்டார். அந்தப் பட்டியல் ஒன்றிலிருந்துதான் தொடங்குகிறது. லேமருக்குக் கணக்குத் தெரியாதா என்ன?

பிறகு ஏன் ஒன்றை வெளியே தள்ளினார்கள்? எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக ஒரே ஒரு விதத்தில்தான் பிரிக்க முடியும் என்பது எண் கணிதத்தின் அஸ்திவாரம். 6 என்றால் இரண்டும் மூன்றும், வேறு வழியே இல்லை. ஒன்றையும் பகா எண் என்று உள்ளே விட்டால், ஒன்று இரண்டு மூன்று என்றும் எழுதலாம், ஒன்று ஒன்று இரண்டு மூன்று என்றும் எழுதலாம். முடிவே இல்லாமல் போகும். ஒவ்வொரு முறையும் "ஒன்றைத் தவிர்த்து" என்று சேர்த்துச் சொல்ல வேண்டி வரும். அதைவிட வாசலிலேயே நிறுத்திவிடுவது நல்லது என்று தீர்மானித்தார்கள்.

இதை இரண்டு நாள் கழித்துப் பேத்தியிடம் சொன்னேன். "அப்போ அது சௌகரியத்துக்காகத்தானா தாத்தா?" என்றாள். சௌகரியம்தான், ஆனால் காரணம் உள்ள சௌகரியம் என்றேன். யார் வேண்டுமானாலும் எப்படி வேண்டுமானாலும் வரையறுக்கலாம் என்று இதற்கு அர்த்தம் இல்லை. சதுரங்கத்தில் குதிரை ஏன் அப்படித் தாண்டுகிறது என்று நிரூபிக்க முடியாது. ஆனால் ஒப்புக்கொண்டு உட்கார்ந்த பிறகு நடுவில் விதியை மாற்ற முடியாது. வரையறையை நிரூபிப்பதில்லை, அதற்குக் காரணம் சொல்கிறோம். காரணம் சொல்லி ஏற்ற பிறகு, அதிலிருந்து வருவதை எல்லாம் நிரூபிக்க வேண்டும். இந்த இரண்டு வேலையும் வேறு வேறு. காரணம் கேட்ட குழந்தையிடம் "டெஃபினிஷன் அப்படி" என்று சொன்னது என் தவறு.

உலகத்தைப் பற்றிய விஷயத்தில் வரையறை என்ன வேடிக்கை செய்யும் என்பதற்கு நம் தில்லியிலேயே ஒரு சாட்சி இருக்கிறது. கரோல்பாக் பக்கம் குடியிருந்தவர்களுக்குப் பூசாவில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வகம் தெரிந்திருக்கும். வத்திராயிருப்பில் பிறந்த கே.எஸ். கிருஷ்ணன்தான் அதன் முதல் இயக்குநர். அங்கே பிளாட்டினமும் இரிடியமும் கலந்த ஒரு சிறு உருளை பத்திரமாக இருக்கிறது. 57-ஆம் எண் இட்ட கிலோகிராம் அது. அதன் மூலம் பாரிஸுக்கு அருகில் செவ்ரில் உள்ள பெட்டகத்தில் இருக்கிறது. 1889 முதல் 2019 வரை, அந்த மூல உருளையின் நிறைதான் ஒரு கிலோ. அதாவது "அந்த உருளையின் நிறை ஒரு கிலோ" என்பது வரையறையினாலேயே உண்மை. தராசில் வைத்துப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லை.

என்ன நடந்தது தெரியுமா? நூறு வருஷம் கழித்து அதன் நகல்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோது, சராசரியாக 50 மைக்ரோகிராம் அளவுக்கு வித்தியாசம் தெரிந்தது. ஒரு கிராமைப் பத்து லட்சம் பங்கு போட்டால் அதில் ஐம்பது பங்கு. மூலம் தேய்ந்ததா, நகல்கள் பெருத்தனவா? யாராலும் சொல்ல முடியவில்லை. வரையறையின்படி மூலம் தவறவே முடியாது. அதிலிருந்து ஒரு துகள் உதிர்ந்தாலும் அது ஒரு கிலோதான், உலகத்தில் உள்ள மற்ற எல்லாமும்தான் கனம் கூடிவிட்டன என்று சொல்ல வேண்டும்! "தவறவே முடியாத" அந்த வாக்கியத்தை விஞ்ஞானிகளால் கடைசியில் வைத்துக்கொள்ள முடியவில்லை. 2019 மே 20 முதல் கிலோகிராமுக்கு, இயற்கையில் மாறாத பிளாங்க் மாறிலி என்ற எண்ணை வைத்துப் புது வரையறை வந்தது. பழைய உருளை இப்போது மற்ற உருளைகளைப் போலத் தராசில் ஏற வேண்டிய ஒன்றுதான்.

தவறவே முடியாத வாக்கியம் எதையும் தெரிவிப்பதில்லை என்பதே இதில் நான் கண்டது. அது பொய்யாக முடியாதபடி நாமே வேலி போட்டுவிட்டோம். அதே வேலி செய்தியையும் உள்ளே வரவிடாது.

இப்போது நம் வீட்டு விஷயம். சில வருஷங்களுக்கு முன் ஒரு தமிழ் விழாவில் பட்டிமன்றம். பேச்சாளர் ஒருவர் முழங்கினார்: "தமிழன் எந்த மண்ணுக்குப் போனாலும் தாய்மொழியை மறக்கமாட்டான்!" பலத்த கைதட்டல். பார்வையாளர்களில் ஒரு பெரியவர் எழுந்து, "நம்ம வீட்டுப் பிள்ளைகள் பாதிப்பேருக்குத் தமிழ் படிக்கவே வரலையே ஐயா" என்று மெதுவாகக் கேட்டார். பேச்சாளர் சற்றும் தயங்கவில்லை. "தாய்மொழியை மறந்தவன் தமிழனே அல்ல!" முன்னைவிடப் பலத்த கைதட்டல். நானும் தட்டினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உறைத்தது. முதலில் அவர் சொன்னது உலகத்தைப் பற்றிய ஒரு செய்தி. அது உண்மையா பொய்யா என்று நம் பிள்ளைகளைப் பார்த்துச் சோதிக்கலாம். சோதித்தால் தோற்கும் என்று தெரிந்ததும், தமிழன் என்ற சொல்லின் வரையறையை மாற்றிக்கொண்டார். மறந்தவன் தமிழன் அல்ல என்றால், தமிழன் மறக்கமாட்டான் என்பது எந்நாளும் உண்மைதான். நம் பிள்ளைகள் அத்தனை பேரும் மறந்தாலும் அது உண்மையாகவே இருக்கும்! பவணந்தியார் கேட்டிருந்தால் கூறியது கூறல் என்று ஒதுக்கியிருப்பார். ஆங்கிலத் தத்துவ ஆசிரியர் ஆன்டனி ஃப்ளூ 1975-ல் எழுதிய நூலில் இதே தந்திரத்தை ஸ்காட்லாந்துக்காரர் ஒருவரை வைத்து விளக்கினார். எல்லா ஊரிலும் உள்ள தந்திரம்தான்.

ஆனால் தந்திரத்துக்கு விலை உண்டு. அன்று காலையிலிருந்து நாற்காலி போட்டு, ஒலிபெருக்கியைச் சரிபார்த்து, பெரியவர்களுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தான். கல்லூரி மாணவன். பேசினால் பாதி ஹிந்தி வரும், எழுத்துக் கூட்டிப் படிக்கவும் வராது. அந்தக் கைதட்டலின் நடுவே அவன் தலையைக் குனிந்துகொண்டு பின்பக்கக் கதவு வழியாகப் போனதை நான் பார்த்தேன். ஒரு வாக்கியத்தைத் தோல்வியிலிருந்து காப்பாற்ற ஒரு பிள்ளையை வெளியே தள்ளினோம். அந்தப் பையன் தமிழ் படித்திருக்க வேண்டும் என்றால், சரி. அது நம் ஆசை, நம் கடமையும்கூட. ஆனால் அதை வரையறையாகச் சொல்வது நேர்மை அல்ல.

பிறரைச் சொல்லிவிட்டு என்னை விட்டுவிடக் கூடாது. 2011-ல் மக்கள்தொகைக் கணக்கெடுப்புக்கு வந்த அம்மையார் என் மூத்த பேரனின் தாய்மொழியைக் கேட்டார். அவனுக்கு அப்போது மூன்று வயது. என் மகள் வாயைத் திறப்பதற்குள் நான் நாற்காலியில் இருந்தபடியே "தமிழ்" என்றேன். அவர் எழுதிக்கொண்டு போனார். மகள் பிறகு சொன்னாள், "அப்பா, நான் அவனோட ஹிந்தியிலதானே பேசறேன்?"

கணக்கெடுப்பில் தாய்மொழிக்கு ஒரு வரையறை உண்டு. குழந்தைப் பருவத்தில் ஒருவரிடம் அவருடைய தாய் பேசிய மொழியே அவருடைய தாய்மொழி. தாய் குழந்தையிலேயே இறந்துவிட்டால், அந்த வீட்டில் பெரும்பாலும் பேசப்பட்ட மொழி. வம்சம் என்றோ, பூர்வீக ஊர் என்றோ அதில் இல்லை. அந்த வரையறையின்படி நான் சொன்னது தவறு. என் மனத்தில் இருந்த வரையறையின்படி சரி. தாய்மொழி என்ற சொல்லையே சற்று உற்றுப் பார்த்தால், அரசாங்கம் என்னைவிட நேராகப் படித்திருக்கிறது என்று தோன்றுகிறது.

என் மகள் கதை இன்னும் ஒரு படி முன்னால் போகிறது. 1980-களில் அவளைப் பள்ளியில் சேர்த்தபோது படிவத்தில் "தாய்மொழி: தமிழ்" என்று எழுதினேன். அது எந்த வரையறையின்படியும் உண்மை. அவள் அம்மா அவளோடு தமிழில்தான் பேசினாள். தமிழ் சொல்லிக்கொடுக்கும் பள்ளிகள் தில்லியில் இருந்தும், வீட்டுக்குப் பக்கம் என்று வேறு பள்ளியில் சேர்த்தேன். தாய்மொழிதானே, எங்கே போய்விடும் என்ற தைரியம். மாயவரம் பக்கத்தில் கிராமத்திலிருந்து என் தாயார் அவள் பெயருக்கே இன்லண்டு லெட்டர் போடுவார். "நீயே உன் கையால் பதில் எழுது" என்று ஒவ்வொரு கடிதத்திலும் இருக்கும். நான்தான் படித்துக் காட்டுவேன், பதிலும் நான்தான் எழுதுவேன். 1996-ல் தாயார் காலமானார். அந்தக் கடிதங்கள் இன்றும் என் மகளின் அலமாரியில் இருக்கின்றன. அவளால் பேச முடியும், படிக்க முடியாது. தன் பெயருக்கு வந்த கடிதத்தை ஒருத்தி வாழ்நாளில் ஒரு முறைகூடத் தானே படித்ததில்லை. படிவத்தில் நான் எழுதிய அந்த உண்மை அவளுக்கு ஓர் எழுத்தைக்கூடச் சொல்லிக்கொடுக்கவில்லை.

ஆகவே என் கருத்து இது. வரையறை வேண்டும். அது இல்லாமல் பேச்சும் இல்லை, கணக்கும் இல்லை. ஆனால் வரையறையினால் உண்மை என்று ஒருவர் சொல்லும்போது மூன்று கேள்வி கேட்போம். இந்த வரையறையை எந்தக் காரணத்துக்காக ஏற்றோம்? இது யாருக்கு வெளிப்படை, யாருக்கு இல்லை? இதிலிருந்து உலகத்தைப் பற்றி ஏதாவது தெரிகிறதா, அல்லது சொன்னதையே திரும்பச் சொல்கிறோமா? குழந்தைகள் இந்தக் கேள்விகளைத் தாமாகவே கேட்கிறார்கள். நாம்தான் வாயை அடைக்கிறோம்.

அடுத்த முறை படிவம் வரும்போது தமிழ் என்றே எழுதுங்கள், நானும் எழுதுவேன். ஆனால் பேனாவை மூடியதும் வேலை முடிந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம். மையினால் எழுதும் உண்மைக்கு ஒரு நிமிஷம் போதும். மற்றதற்குத் தினமும் அரைமணி நேரம் வேண்டும், நாம் குழந்தையின் பக்கத்தில் உட்கார வேண்டும்.

இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் பேத்தி எனக்குக் கணக்கில் கேள்வி கேட்கிறாள், நான் அவளுக்கு எழுத்துச் சொல்லிக்கொடுக்கிறேன். ல, ள, ழ மூன்றுக்கும் இன்னும் தகராறுதான். போன வாரம் அலமாரியிலிருந்து ஒரு இன்லண்டு லெட்டரை எடுத்துவந்து, விரலை வைத்து எழுத்துக் கூட்டி முதல் வரியைப் படித்தாள். அவள் அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் நின்று கேட்டாள்.